மச்சினன் லைசென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டான்: "பயண உரிமை" பேசுகிறவனிடம் எப்படிப் பேசுவது?

தாமிரபரணிக்காரன் (நியூ ஜெர்சி) எழுதியது:

வணக்கம். வேறு எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பிக்கு வயது 31. கிரீன் கார்டு வைத்திருக்கிறான். போன வருடம் வேலை போனது. அதே சமயத்தில் வேகமாகப் போனதற்கு இரண்டு டிக்கெட் (போலீஸ் தரும் அபராதச் சீட்டு), இன்சூரன்ஸ் இல்லாததற்கு ஒன்று. எதையும் கட்டவில்லை, லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். அப்போதுதான் யாரோ ஒருவர் நடத்தும் ஆன்லைன் வகுப்பில் காசு கட்டிச் சேர்ந்தான். அரசின் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று நம்பும் இந்தக் கூட்டத்தை வெளியில் "சாவரின் சிட்டிசன்" என்கிறார்கள். அவன் அந்தப் பெயரை ஏற்பதில்லை. தன்னை "அமெரிக்கன் ஸ்டேட் நேஷனல்" என்று சொல்லிக்கொள்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் லைசென்ஸைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினான். கூடவே சிவப்பு மையில் கைநாட்டு வைத்த ஒரு பிரமாணப் பத்திரம். பிறகு நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு, "தனியார் உடைமை, வணிகத்துக்கு அல்ல" என்று அச்சடித்த தகட்டை மாட்டினான். போன வியாழக்கிழமை போலீஸ் நிறுத்தியது. கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி, "நான் டிரைவ் செய்யவில்லை, டிராவல் செய்கிறேன்" என்றிருக்கிறான். காரை இழுத்துப் போய்விட்டார்கள், டோ யார்டில் நிற்கிறது. மூன்று வாரத்தில் கோர்ட்.

அவன் சொல்வது இதுதான். சாலையில் பயணம் செய்வது பிறப்புரிமை, காசுக்கு வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் லைசென்ஸ். லைசென்ஸில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் அவனுடையதல்ல, அரசு உண்டாக்கிய ஒரு போலி ஆளுடையது. அவன் ஒப்புக்கொள்ளாத சட்டம் அவனைக் கட்டுப்படுத்தாது. கைநிறைய தீர்ப்புகள் வைத்திருக்கிறான், எண்ணோடு, வருடத்தோடு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திட்டிப் பார்த்தேன், பேச்சையே நிறுத்திவிட்டான். பாளையங்கோட்டையில் மாமாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. என் மனைவி ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை.

ராஜா_ஓஹையோ எழுதியது:

முதலில் காரை வெளியே எடுங்கள் அண்ணா. யார்டில் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். அவர் போய் வாதாட ஆரம்பித்தால் கார் வெளியே வராது. நீங்கள் போங்கள்.

டாலஸ்_கயல் எழுதியது:

அண்ணா, நான் வக்கீல் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். இப்படிப்பட்ட கோப்புகள் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், அவரைத் திட்டாதீர்கள். அவர் காட்டும் தீர்ப்புகளில் பல உண்மையானவை. அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். தீர்ப்பு பொய்யல்ல, வெட்டி எடுத்த துண்டுதான் பொய்.

அவருடைய பட்டியலில் "தாம்சன் எதிர் ஸ்மித்" கட்டாயம் இருக்கும். வர்ஜீனியா, 1930. பொதுச்சாலையில் பயணம் செய்வதும் பொருளைக் கொண்டுபோவதும் ஒரு நகரம் விரும்பினால் கொடுத்து விரும்பினால் பறிக்கும் சலுகையல்ல, எல்லோருக்கும் பொதுவான உரிமை என்று அதில் உண்மையாகவே எழுதியிருக்கிறது. வகுப்பில் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள். அதே தீர்ப்பை மேலே படித்தால், சொந்தக் காரை ஓட்டும் உரிமையையும் நகரம் ஒழுங்குபடுத்தலாம், எல்லோருக்கும் பொதுவான விதிகளின்படி பெர்மிட் கொடுக்கலாம், மறுக்கலாம், ரத்து செய்யலாம் என்று வருகிறது. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அதே தகுதியுள்ள இன்னொருவருக்கு மனம்போனபடி மறுக்கக் கூடாது என்பதுதான் வழக்கின் சாரம். லிஞ்ச்பர்க் நகரத்தின் போலீஸ் தலைவர் தன் இஷ்டத்துக்கு ஒருவருடைய பெர்மிட்டை ரத்து செய்ய இடம் கொடுத்த விதியைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெர்மிட்டே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

"வணிகத்துக்கு மட்டும்தான் லைசென்ஸ்" என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. ஹென்ட்ரிக் என்பவர் வாஷிங்டன்வாசி. 1910 ஜூலையில் தன் அலுவலகத்திலிருந்து சொந்தக் காரில் கிளம்பி, பக்கத்து மாநிலமான மேரிலாண்டுக்குப் போனார். வாடகைக்கு யாரையும் ஏற்றவில்லை. மேரிலாண்டின் பதிவு இல்லை என்று அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915ல் தீர்ப்பு: மோட்டார் வண்டியின் போக்குவரத்து பொதுமக்களுக்கு ஆபத்தைக் கொண்டுவருகிறது, ஆகவே பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் மாநிலம் கட்டாயமாக்கலாம். அடுத்த வருடமே உங்கள் நியூ ஜெர்சி வழக்கு ஒன்று வந்தது. நியூயார்க்கிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் நியூ ஜெர்சியில் பிடிபட்ட கேன் என்பவருடையது. அவரும் தோற்றார். இந்த இரண்டையும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், மோட்டார் வண்டி என்றால் வணிகத்துக்கு ஓடும் வண்டி என்று மத்திய சட்டத்திலேயே இருக்கிறது என்பார். 18வது தொகுப்பின் 31வது பிரிவு. அந்த வரியும் உண்மைதான். ஆனால் அது விமானங்களையும் மோட்டார் வண்டிகளையும் நாசம் செய்யும் குற்றத்தைப் பற்றிய அத்தியாயம். அந்த அத்தியாயத்துக்கு மட்டும் அந்த விளக்கம். லைசென்ஸ் கேட்பது மாநிலச் சட்டம். அதற்குத் தனி விளக்கம் உண்டு.

லாரி_பாலா (இந்தியானா) எழுதியது:

கயல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பதினான்கு வருடமாக டிரக் ஓட்டுகிறேன். எங்களுக்கு என்று தனி லைசென்ஸ் இருக்கிறது, சிடிஎல் என்போம். 1986ல் வந்த மத்தியச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. தனி எழுத்துத் தேர்வு, தனி ஓட்டுத் தேர்வு, மருத்துவச் சான்றிதழ். காசுக்கு ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் லைசென்ஸ் என்றால், சாதாரண லைசென்ஸுக்கு மேலே இது எதற்கு? இரண்டையும் மேசையில் வைத்து உங்கள் மச்சினனிடம் காட்டத் தயார். போனில் பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஐ-40 சாலையில் வெஸ்ட் மெம்ஃபிஸ் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். 2010 மே 20 அன்று இந்த நம்பிக்கை கொண்ட ஒரு தகப்பனும் பதினாறு வயது மகனும் வந்த வேனை இரண்டு போலீஸ்காரர்கள் அங்கே நிறுத்தினார்கள். வேனில் வந்தவர்கள் அந்தப் போலீஸ்காரர்கள் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். அன்றே அப்பாவும் பையனும் சுடப்பட்டு இறந்தார்கள். அந்தத் தகப்பன் ஊர் ஊராகப் போய், கடனை ஒழிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தவர். உங்கள் மச்சினன் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசகம் எழுதிய தகட்டைப் பார்த்ததும் ரோந்தில் இருக்கும் போலீஸ்காரருக்கு எது நினைவுக்கு வரும் என்று யோசியுங்கள். இருட்டில் ஒரு சாலையோரத்தில் அந்தப் பயம் யாருக்கும் நல்லதல்ல. தகட்டை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

சுதந்திரன்_77 எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை, ஆனால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அபராதம் கட்ட முடியாத ஏழையின் லைசென்ஸைப் பிடுங்கினால் அவன் எப்படி வேலைக்குப் போவான், எப்படி அபராதம் கட்டுவான்? "அரசியல் சட்டம் தந்த உரிமையை அனுபவிக்க மாநிலம் கட்டணம் வாங்கக் கூடாது" என்று உச்ச நீதிமன்றமே 1943ல் சொல்லியிருக்கிறது. மர்டாக் வழக்கு. அதற்கு என்ன பதில்?

டாலஸ்_கயல் எழுதியது:

சுதந்திரன், முதல் பாதியில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். அபராதத்துக்காக லைசென்ஸை முடக்குவது மனிதர்களை நசுக்குகிறது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சுழலில் மாட்டியவர்கள். தாமிரபரணி அண்ணாவின் மச்சினனும் அங்கிருந்துதான் இந்த வகுப்புக்குப் போயிருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் மர்டாக் வழக்கு சாலையைப் பற்றியதல்ல. யெகோவாவின் சாட்சிகள் வீடு வீடாகப் போய்த் தங்கள் சமயப் புத்தகங்களைக் கொடுப்பதற்கு பென்சில்வேனியாவின் ஒரு ஊர் லைசென்ஸ் கட்டணம் கேட்டது. சமயத்தையும் பேச்சையும் காசு வாங்கிக்கொண்டு அனுமதிக்க முடியாது என்றது நீதிமன்றம். இதே மாதிரி ஷட்டில்ஸ்வொர்த் வழக்கையும் காட்டுவார்கள், 1969. அது பர்மிங்காமில் கறுப்பின மக்கள் உரிமைக்காக நடந்த ஊர்வலத்தைப் பற்றியது. பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த்துக்கு ஊர்வல அனுமதி கிடைக்காமல் செய்த விதி, அதிகாரிகளுக்கு வரம்பில்லாத அதிகாரம் கொடுத்தது என்பதால் தண்டனை ரத்தானது. அவர் வாங்கிய அடிக்கும் சிறைக்கும் கிடைத்த தீர்ப்பை எடுத்து, நம்பர் பிளேட் மாட்டாததற்கு ஆதாரமாகக் காட்டுவது எனக்கு வலிக்கிறது.

லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே உரிமைகள் உண்டு. அவற்றை இந்த வகுப்புகள் சொல்லித் தருவதில்லை. 1971ல் பெல் எதிர் பர்சன். ஜார்ஜியாவில் ஒரு போதகர். மூன்று கிராமச் சபைகளுக்குக் காரில் போய் வந்தால்தான் அவருக்கு ஊழியம். ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை சைக்கிளில் வந்து அவர் கார்மேல் மோதியது. அவருக்கு இன்சூரன்ஸ் இல்லை. தப்பு யார்மேல் என்று விசாரிக்காமலே லைசென்ஸை முடக்கப் பார்த்தது மாநிலம். பிழைப்புக்கே லைசென்ஸ் தேவை என்றான பிறகு, விசாரணை இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1979ல் டெலவேர் எதிர் பிரவுஸ். எந்தச் சந்தேகமும் இல்லாமல், லைசென்ஸைப் பார்க்கலாமே என்று மட்டும் ஒரு போலீஸ்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு காரை நிறுத்தக் கூடாது என்றது. இவை கையில் இருக்கும் உரிமைகள். அண்ணாவின் மச்சினனுடைய காரில் நம்பர் பிளேட் இல்லை. நிறுத்துவதற்கு அதுவே போதுமான காரணம். தனக்கு இருந்த பாதுகாப்பை அவரே கழற்றி வைத்துவிட்டார்.

ஆத்தூர்_செல்வி எழுதியது:

பெயர் விஷயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணா, உங்கள் மச்சினனுக்கு அது ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. இங்கே எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வங்கியில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் வெறும் இனிஷியல். "அந்தக் கார்டில் இருப்பது நீ இல்லை" என்று யாராவது அழுத்திச் சொன்னால், நம்மில் பாதிப் பேருக்கு ஆமாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது இனிஷியல் முறையும் இவர்களுடைய படிவமும் ஒத்துப்போகாததால் வந்த கோளாறு. படிவங்களில் தெளிவுக்காகப் பெரிய எழுத்தில் அடிப்பது வழக்கம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஒரு மனிதனை இரண்டாகப் பிளக்கும் மந்திரம் ஆங்கில எழுத்தில் மட்டும் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள்.

நெடுந்தீவான் (ரொறன்ரோ) எழுதியது:

இந்த "இரண்டு ஆள்" கதை இங்கே கனடாவிலும் உண்டு. 1933ல் அமெரிக்கா தங்க நாணயமுறையைக் கைவிட்டபோது குடிமக்களை அடகு வைத்துவிட்டது, ஒவ்வொருவருடைய பிறப்புச் சான்றிதழின் பெயரிலும் ஒரு ரகசியக் கணக்கு இருக்கிறது என்பார்கள். அந்தக் கணக்கில் கடனைக் கழிக்கலாம் என்று நம்பி என் நண்பருடைய தகப்பனார் வீட்டுக் கடனைக் கட்டாமல் விட்டார். வீடு போனது. வகுப்பு எடுத்தவர் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

2012ல் அல்பேர்ட்டாவில் ஒரு விவாகரத்து வழக்கு, மீட்ஸ் எதிர் மீட்ஸ். கணவர் இப்படிப்பட்ட காகிதங்களைக் கொண்டுவந்து குவித்தார். நீதிபதி ஜான் ரூக் அவற்றைத் தள்ளிவிட்டு மட்டும் போகவில்லை. 150 பக்கத்துக்கு மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வாதமும் எது, ஏன் செல்லாது என்று எழுதினார். இதை விற்றுப் பிழைக்கிறவர்களைப் பற்றியும் கடுமையாக எழுதியிருக்கிறார். வேறு நாட்டு நீதிமன்றங்களும் அதை எடுத்துப் பேசுகின்றன. கோர்ட் அறையில் மஞ்சள் குஞ்சம் வைத்த கொடி இருந்தால் அது கப்பல் வழக்குகளுக்கான கடல் நீதிமன்றம், தங்களை விசாரிக்க முடியாது என்று இவர்கள் சொல்லும் கதைக்கும் அதில் பதில் இருக்கிறது. தம்பிக்கு வாசிக்கக் கொடுங்கள்.

ஒப்புதல் பற்றியும் ஒரு வார்த்தை. சாரதி அனுமதிப்பத்திரம் ஒரு ஒப்பந்தம் இல்லை, கையெழுத்தை வாபஸ் வாங்குவதற்கு. அந்த மண்ணில் நிற்கிறபடியால் அந்த மண்ணின் சட்டம் பொருந்துகிறது. 2011ல் அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையேதான் சொன்னது. தன்னை எந்தப் பெயரில் அழைத்துக்கொண்டாலும் ஒருவர் நீதிமன்ற அதிகாரத்துக்கு வெளியே போய்விட முடியாது.

பழைய_வாத்தியார் (சிகாகோ) எழுதியது:

தம்பிகளே, நான் வரலாறு சொல்லிக் கொடுத்தவன், சட்டம் தெரியாது. ஆனால் "பயண உரிமை" என்ற சொல்லின் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1939 டிசம்பர். கலிபோர்னியாவின் மேரிஸ்வில் ஊரில் எட்வர்ட்ஸ் என்று ஒருவர். தன் மனைவியின் சகோதரனை அழைத்துவரத் தன் காரில் டெக்சாஸில் இருக்கும் ஸ்பர் என்ற ஊருக்குப் போனார். ஆமாம் தாமிரபரணி, அவருடைய மச்சினனைத்தான். அவனுக்கு வேலை இல்லை, கையில் இருபது டாலர் இருந்தது, வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. பஞ்சம் பிழைக்க வருகிற ஏழையை மாநிலத்துக்குள் கூட்டிவருவது அப்போது கலிபோர்னியாவில் குற்றம். எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதச் சிறை விதித்து நிறுத்திவைத்தார்கள். 1941ல் உச்ச நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ஏழை என்பதற்காக ஒருவனை எல்லையில் தடுக்க முடியாது. பயண உரிமை என்பது இது. இதற்கும் முன்னால், 1868ல், மாநிலத்தை விட்டு வண்டியில் வெளியேறும் ஒவ்வொருவருக்கும் நெவாடா ஒரு டாலர் வரி போட்டதை ரத்து செய்தார்கள்.

1964 ஜூலை. லெமுவல் பென், கறுப்பினத்தவர், ராணுவ ரிசர்வ் படையில் லெப்டினன்ட் கர்னல். பயிற்சி முடிந்து ஜார்ஜியாவிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளையின வெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளான் ஆட்கள் இன்னொரு காரில் வந்து சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர் ஜூரி இரண்டு பேரை விடுதலை செய்தது. பிறகு மத்திய அரசு வழக்குப் போட்டது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் உரிமை அரசியல் சட்டம் காக்கும் உரிமை, அதைப் பறிக்கச் சதி செய்தவர்களை விசாரிக்கலாம் என்று 1966ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு இருவருக்குத் தண்டனை கிடைத்தது.

இப்போது உங்கள் மச்சினன் படிக்கும் பாடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1970களில் வில்லியம் பாட்டர் கேல் போன்றவர்கள் வளர்த்த "பாசி கமிட்டாட்டஸ்" இயக்கத்தில்தான் இதன் வேர். யூத வெறுப்பும் வெள்ளையினப் பெருமையும் கலந்த இயக்கம் அது. வெள்ளையர்கள்தான் மூலக் குடிமக்கள், அரசியல் சட்டத்தின் 1868ம் வருடப் பதினான்காவது திருத்தத்தால் குடியுரிமை பெற்றவர்கள் ஒரு படி கீழே, அவர்கள்தான் அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற பிரிவை அங்கேதான் வளர்த்தார்கள். பின்னாளில் கறுப்பினத்தவரிலும் சிலர் இதே வாதங்களைத் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் நெல்லையிலிருந்து வந்த ஒரு பையன், தன்னைப் போன்றவர்களைக் கீழே வைக்க உண்டான ஒரு வாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் நிற்கப் போகிறான் என்று நினைத்தால் என் மனம் ஆறவில்லை.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

நான்கு நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஐயாவின் பதிவை என் மனைவி அவனுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். எட்வர்ட்ஸ் கதையில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னானாம். வகுப்பில் இதைச் சொல்லவே இல்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். தாம்சன் தீர்ப்பை முழுதாக இறக்கி வைத்திருந்தேன். நான் எதுவும் பேசவில்லை, அவனே படித்தான். பெர்மிட் பற்றிய பத்தி வந்ததும் தன் வகுப்புக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அபராதம் கட்ட முடியாதவன் என்னதான் செய்யணும் அத்தான்?" என்று கேட்டான். மனசு கஷ்டமாக இருந்தது. அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் போன வருடமே அவனிடம் கேட்கவில்லை.

தகட்டைக் கழற்றிவிட்டான். காரை எடுத்துவிட்டோம், டோ வண்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். பெயர் விஷயத்தில் இன்னும் முழுதாக மாறவில்லை. பாலா தம்பியோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு பயம் மட்டும். அவன் அனுப்பிய அந்தப் பிரமாணப் பத்திரம். அதில் தன்னை "அமெரிக்கன் நேஷனல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா?

டாலஸ்_கயல் எழுதியது:

நல்ல செய்தி அண்ணா. அவர் கேட்ட கேள்விக்கு முதலில். அபராதத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். கட்ட வசதி இல்லை என்பதை வருமானக் கணக்கோடு நீதிபதியிடம் சொல்லலாம். பழைய மூன்று டிக்கெட்டையும் சேர்த்தே வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் அரசு வக்கீல் கிடைக்குமா என்று முதல் நாளே கோர்ட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

பத்திரம் விஷயத்தில் உங்கள் பயம் வீண் பயமல்ல. அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகக் கோருவது நாடு கடத்தலுக்குக் காரணமாகக் கூடியது, கிரீன் கார்டு இருந்தாலும். அவர் எழுதிய வாசகம் அதற்குள் வருமா வராதா என்பதை நானோ இங்கே யாருமோ சொல்லக் கூடாது. குடியேற்ற வக்கீல் ஒருவர்தான் சொல்ல வேண்டும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் கைது, டிக்கெட் எல்லாவற்றையும் கேட்பார்கள், அதனால் இந்த வழக்கு எப்படி முடிகிறது என்பதும் முக்கியம். இரண்டு வக்கீலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளட்டும்.

பத்திரத்தின் நகல், தபால் ரசீது, வகுப்புக்குப் பணம் கட்டிய விவரம், எதையும் தூக்கிப் போட வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அப்படியே ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கோர்ட் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

புதன்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். நானும் கூடப் போகிறேன். மாமாவிடம் இன்று ராத்திரி அவனே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.